டோல்: சுங்கமும் பலியும்

மலேசியத் தமிழில் 'டோல்' என்ற சொல்லுக்கு மாற்று கிடையாது. செய்தி வாசிப்பாளர் 'சுங்கச்சாவடி' என்பார், நாளிதழும் அப்படித்தான் எழுதும். ஆனால் வண்டி ஓட்டுகிற யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. "டோல்ல நிக்கிறேன், பத்து நிமிசத்துல வந்துருவேன்" என்பதுதான் நம் பேச்சு. நண்பர்கள் சேர்ந்து ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போனால் செலவைப் பிரிக்கும்போது 'எண்ண காசு' தனி, 'டோல் காசு' தனி. தூரத்தைக்கூட டோலால் அளக்கிறோம். "உங்க வீடு எங்க?" என்றால் "ரெண்டு டோல் தள்ளி" என்று பதில் வரும். கிலோமீட்டர் சொன்னால் மனதில் ஏறாது. ரெண்டு டோல் என்றால் நேரம், காசு, நெரிசல் எல்லாம் ஒரே சொல்லில் விளங்கிவிடும்.

மாலையில் சில மாணவர்களுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கிலச் செய்தித் தலைப்புகளை மொழிபெயர்க்கச் சொன்ன ஒரு நாள், வெள்ளத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் கூறும் தலைப்பை ஒரு பையன் 'மரண டோல்' என்று எழுதியிருந்தான். வகுப்பே சிரித்தது. "செத்தவங்களுக்கும் டச் அண்ட் கோ தட்டணுமா டீச்சர்?" என்றது ஒரு குரல். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தப் பையன் எழுதியது அப்படியொன்றும் தப்பில்லை என்று தோன்றியது. அகராதியைப் புரட்ட ஆரம்பித்தேன். அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், கடைசியில் சயாமில் விட்டது.

ஆங்கிலத்தில் 'டோல்' என்பது ஒரு சொல் அல்ல, இரண்டு. மணியை இழுத்து, விட்டுவிட்டு, மெதுவாக அடிப்பதைக் குறிக்கும் டோல் ஒன்று. அது 'இழு' என்ற பொருளுள்ள பழைய வினையிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். மற்றது வரி. கிரேக்கத்தில் வரிக்கு 'தெலோஸ்', வரி வாங்கும் இடத்துக்கு 'தெலோனியோன்'. அது லத்தீன் வழியாகத் தேய்ந்து தேய்ந்து 'டோல்' ஆனது. 'மரண டோல்' என்று ஆங்கிலேயர் எழுதும்போது காதில் தேவாலயத்துத் துக்கமணி கேட்பதுபோல இருக்கும். ஆனால் அங்கே இருப்பது மணி அல்ல, வரி. போர் இத்தனை உயிரை வசூலித்தது, காலரா இத்தனை உயிரை வசூலித்தது என்பதுதான் அதன் பொருள்.

(தபால்தலை சேகரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்தப் பொழுதுபோக்குக்கு 1864இல் ஒரு பிரெஞ்சுக்காரர் சூட்டிய 'பிலாட்டலி' என்ற பெயருக்குள்ளும் இதே தெலோஸ் இருக்கிறது. 'வரி கட்டத் தேவையில்லாததன் மீது பிரியம்' என்று அதற்குப் பொருள். தலை ஒட்டிய கடிதத்தைப் பெறுகிறவர் காசு கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?)

விவிலியத்தில் மத்தேயு உட்கார்ந்திருந்த இடம் அந்தத் தெலோனியோன்தான். பழைய தமிழ் விவிலியம் அதை 'ஆயத்துறை' என்றும், அங்கே வேலை பார்த்தவர்களை 'ஆயக்காரர்' என்றும் எழுதியது. பிறகு வந்த பொது மொழிபெயர்ப்பு 'சுங்கச்சாவடி' என்று மாற்றிக்கொண்டது. ஆயம், சுங்கம் இரண்டுக்கும் முன்னால் நம்மிடம் 'உல்கு' என்றொரு சொல் இருந்தது. திருக்குறளில் அரசனின் பொருளைப் பட்டியலிடும் இடத்தில் அது வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர்கள் போகும் வழியும் உல்கு வாங்கும் பெருவழிதான், வில் வைத்திருப்பவர்கள் காவல் காக்கிறார்கள். பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்தின் மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்தப்படுகிறது. காசு கட்டாமல் போக வழியில்லாத பாதை தமிழனுக்குப் புதிதல்ல.

இந்தச் சுங்கம் நம் ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். அவன் காலத்தில், 1090இல் வெளியிடப்பட்ட சிறிய லெய்டன் செப்பேடு, கடாரத்து அரசன் தூதர் மூலம் கேட்டுக்கொண்டபடி, நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளுக்குச் சொந்தமான ஊர்களுக்கு வரிவிலக்கு கொடுத்ததைச் சொல்கிறது. கடாரம் என்பது இன்றைய கெடா. ஏறத்தாழ 65 ஆண்டுகளுக்கு முன்பு, 1025இல், அதே கடாரத்தின் மீதுதான் ராஜேந்திரன் கப்பற்படையை அனுப்பினான். ஏன் அனுப்பினான் என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். அதில் எனக்கு நம்பத்தகுந்ததாகத் தெரிவது மலாக்கா நீரிணையின் வணிகம். அந்த நீரிணை ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. 1225இல் எழுதிய சீன அதிகாரி சாவ் ருகுவா, ஒரு வணிகக் கப்பல் தங்கள் துறைக்குள் வராமல் தாண்டிப் போனால் அந்த நாட்டுப் படகுகள் கூட்டமாகப் போய்த் தாக்கும் என்று குறித்திருக்கிறார். கடலில் போட்ட டோல் கேட் அது. ஸ்மார்ட் டேக் இல்லாமல் அந்தப் பாதையில் நுழைந்தால் கப்பலே போய்விடும். 'கடாரம் கொண்டான்' என்று மார்தட்டுகிற நம் இளைஞர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். வீரத்துக்குப் பின்னால் டோல் தகராறு இருந்திருக்கலாம் என்பதை யாரும் விரும்புவதில்லை.

மலாக்காவுக்கு வந்தால் நாம் வரி கட்டுகிறவர்களாக மட்டும் இல்லை. போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த சிறிது காலத்தில் அங்கே இருந்த தோமே பிரேஸ், சுல்தான் காலத்து வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். மேற்கிலிருந்து வரும் கப்பல்கள் சரக்கின் மதிப்பில் 6 சதவீதம் கட்ட வேண்டும். அந்த மதிப்பை முடிவு செய்ய 10 வணிகர்கள் உட்காருவார்கள். அவர்களில் 5 பேர் கிளிங்குகள், 5 பேர் மற்ற நாட்டவர். கிளிங் என்று அவர் எழுதியது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்களை. 500 ஆண்டுக்கு முன்பு இந்த மண்ணில் டோலுக்கு விலை சொன்ன பலகையில் பாதி இடம் நமக்கு இருந்தது.

அதற்குப் பிறகு ஆறுகள். மலாய் அரசுகளில் உள்நாட்டுக்கு ரோடு கிடையாது, ஆறுதான் ரோடு. ஆற்றின் முகத்துவாரத்தையும் வளைவுகளையும் யார் வைத்திருக்கிறாரோ அவர் மேலிருந்து இறங்கும் ஈயத்துக்கு வரி வாங்கினார். 1867இல் தொடங்கிய கிள்ளான் போரின் வேரில் இருந்தது இந்த ஈய வரிதான். பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டதற்கும், தலைவர்களிடமிருந்து வரி வாங்கும் உரிமையை அவர் பறிக்கப் போனது ஒரு காரணம். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் 'சுங்கை பீசி டோல்' என்ற பலகையைப் பார்த்து, "சுங்கத்தை மலாய்லயும் சுங்கைன்னுதான் சொல்வீங்களா?" என்று கேட்டார். சுங்கை என்றால் ஆறு. இரண்டு சொல்லுக்கும் உறவில்லை. பீசி என்றால் இரும்பு. ஆனாலும் ஆற்றின் பெயரிலேயே இன்று ஒரு டோல் இருப்பதை நினைத்துக்கொண்டேன்.

நெடுஞ்சாலை டோல் வரலாறு எல்லாருக்கும் ஓரளவு தெரியும். பினாங்குப் பாலம் 1985, வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாக 1994, டச் அண்ட் கோ 1997. நுழையும்போது வாங்கிய அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து வெளியேறும்போது நீட்டும் பழக்கமும், சில்லறை கொடுத்த கைகளும், 2016க்குப் பிறகு பிளஸ் சாலைகளில் இல்லாமல் போயின. டோலை ஒழிப்போம் என்ற வாக்குறுதி ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறது. பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல்கள் 2018 ஜனவரியில் உண்மையாகவே மூடப்பட்டபோது பலருக்கு நம்ப முடியவில்லை, பழக்கதோஷத்தில் பிரேக் போட்டார்கள். இதில் என்னைக் கவர்வது காசைவிடக் கணக்கு. எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கே நுழைந்து எங்கே வெளியேறியது என்று கடைசி சென் வரை பதிவாகிறது. ஒரு வண்டிகூட எண்ணப்படாமல் போகாது. எண்ணாவிட்டால் நஷ்டம்.

இனி அந்தப் பையனின் 'மரண டோல்'.

நாம் அதற்கு 'பலி எண்ணிக்கை' என்கிறோம். மலாய்க்காரர்கள் 'அங்கா கொர்பான்' என்கிறார்கள். கொர்பான் என்பதும் பலிதான், குர்பான் கொடுக்கிறோம் என்கிறோமே அதே சொல். ஆங்கிலேயன் வரி என்கிறான், நாம் பலி என்கிறோம், அவன் கடையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறான், நாம் கோயிலில் உட்கார்ந்து யோசித்திருக்கிறோம் என்று முதலில் நினைத்தேன். பலி என்ற வடசொல்லின் பழைய பொருளைப் பார்த்த பிறகு அந்த வேறுபாடு கரைந்துவிட்டது. பலி என்றால் படையல், அதோடு அரசனுக்குக் கட்டும் வரியும்கூட. புத்தர் பிறந்த லும்பினியில் அசோகன் நட்ட தூண் இன்றும் நிற்கிறது. அதில் அவன் அந்த ஊருக்குக் கொடுத்த சலுகை எழுதப்பட்டிருக்கிறது. ஊரைப் பலியிலிருந்து விடுவித்து, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கட்டினால் போதும் என்கிறான். அங்கே பலி என்றால் வரி. ஆட்டை வெட்டுவதோடு அதற்குச் சம்பந்தமில்லை.

ஆக, எங்கோ ஐரோப்பாவில் வரியைக் குறித்த சொல் செத்தவர்களை எண்ணும் சொல்லாக மாறியது. இங்கேயும் வரியைக் குறித்த சொல் செத்தவர்களை எண்ணும் சொல்லாக நிற்கிறது. மேலே இருப்பவனுக்கு, அரசனோ சாமியோ யாரோ, கீழே இருப்பவன் கொடுத்தே ஆக வேண்டியது எதுவோ அது பலி. பேச்சில் இது இன்னும் அப்பட்டமாக இருக்கிறது. விபத்து அடிக்கடி நடக்கும் இடத்தைப் பற்றி, "அந்த வளைவு வருசத்துக்கு ஒரு ஆளயாவது காவு வாங்கும்" என்கிறார்கள் பெரியவர்கள். காவு வாங்குவது என்றால் வசூல்தானே?

வசூல் என்றால் எண்ணுகிற ஆள் ஒருவர் இருக்க வேண்டும். இங்கேதான் எனக்குச் சயாம் ரயில் வந்து குறுக்கே நின்றது.

தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இன் பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் அந்தத் தண்டவாளத்தை இணைத்துவிட்டார்கள். வேலை செய்தவர்கள் நேசநாட்டுப் போர்க்கைதிகளும், அவர்களைவிடப் பல மடங்கு அதிகமான ஆசியத் தொழிலாளர்களும். மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். கூலியும் சாப்பாடும் உண்டு என்று சொல்லி முதலில் அழைத்தார்கள், ஆள் சேராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள்.

இறந்தவர்கள் எத்தனை பேர்? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தரும் கணக்கு இது. போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000. பொதுமக்களான தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை. இந்த இரண்டாவது வரியைக் கொஞ்சம் நின்று படியுங்கள். எண்பதாயிரமா, ஒரு லட்சமா என்ற சந்தேகத்தின் அளவு மட்டுமே 20,000. இறந்த போர்க்கைதிகள் மொத்தப் பேரையும்விட அது அதிகம். நம்மவர்களைப் பொறுத்தவரை கணக்கில் ஏற்படும் தடுமாற்றம்கூட ஒரு தனி மயானத்தை நிரப்பும்.

போர்க்கைதிகளுக்கு ஏன் கணக்கு இருந்தது? அவர்களோடு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். இறந்தவனின் பெயர், எண், தேதி, புதைத்த இடம் ஆகியவற்றை ஜப்பானியருக்குத் தெரியாமல்கூடக் குறித்து வைத்தார்கள். போர் முடிந்த சில வாரங்களிலேயே, 1945இல், ஒரு குழு அந்தப் பாதை முழுக்கப் போய்க் கல்லறைகளைத் தேடியது. இன்று காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் கிடக்கிறார்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெயர் பொறித்த பலகைகளோடு இருக்கிறது அந்த இடம். அந்தப் பெயர்களின் மீது எனக்குப் பொறாமை இல்லை. அவர்களும் இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள்தான்.

தோட்டத்து ஆளோடு அப்படி யாரும் போகவில்லை. காட்டுக்குள் 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது எரித்தும் மொத்தமாகக் குழியில் தள்ளியும் முடித்தார்கள். குறித்துவைக்கப் பென்சில் பிடித்தவன் பக்கத்தில் இல்லை.

இதில் என்னால் ஜீரணிக்க முடியாத ஒன்று உண்டு. அதுவரை மலாயாவில் தோட்டத் தமிழன் அளவுக்கு எண்ணப்பட்டவன் யாருமில்லை. விடியுமுன் பெரட்டு. வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, செக்ரோலில் புள்ளி வைத்த பிறகுதான் காட்டுக்குப் போக முடியும். மதியம் பால் நிறுக்கும்போது ராத்தல் கணக்கு. தன் ஆட்கள் வேலைக்கு வந்த நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு. அதற்கும் மேலே, 1907இல் தொடங்கிய குடிபெயர்வு நிதிக்காக, தன்னிடம் வேலை செய்த தமிழர்களின் கணக்கை வைத்து ஒவ்வொரு தோட்டமும் வரி கட்டியது. அந்தப் பணத்தில்தான் அடுத்த கப்பல் ஆட்களுக்கு டிக்கெட் எடுத்தார்கள். ஒரு தமிழன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதிலிருந்து தோட்டத்தில் கத்தி பிடிப்பது வரை எத்தனை பேரேட்டில் அவன் பெயர் ஏறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவன் தலை மீது டோல் இருந்தது. டோல் இருந்தவரை எண்ணினார்கள்.

சயாமில் அவன் தலைக்கு யாரும் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஒருவன் செத்தால் இன்னொருவனை அனுப்பு என்று தோட்டத்துக்குச் சொன்னால் போதும். உண்மையான அர்த்தத்தில் பலி அங்கேதான் நடந்தது. ஆனால் பலி எண்ணிக்கை மட்டும் இல்லை. இருப்பது பிறகு வந்தவர்கள் கூட்டிக் கழித்துப் போட்ட மதிப்பீடு.

காஞ்சனாபுரியில் இன்னொரு நினைவுத்தூணும் இருக்கிறது. 1944இல், போர் முடியும் முன்பே, ரயில் போட்ட ஜப்பானியப் படையே இறந்தவர்களுக்காக எழுப்பியது. அதன் கல்வெட்டுகளில் தமிழும் உண்டு. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் அதைக் கண்டு நெகிழ்கிறார்கள். எனக்கு நெகிழ்ச்சி வரவில்லை. வசூலித்தவன் கொடுத்த ரசீதுபோல இருந்தது, தொகை எழுதாத ரசீது. அ. ரெங்கசாமி சயாம் ரயிலைப் பற்றி எழுதிய நாவலுக்கு 'நினைவுச்சின்னம்' என்று பெயர் வைத்தார். எழுப்பப்படாத ஒன்றுக்குப் பதிலாக அதை எழுதினார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஆங்கிலச் சொல்லின் மணிப் பொருளுக்கு நம்மிடம் சரியான இணை சங்குதான் என்று நினைக்கிறேன். சாவு வீட்டில் சேகண்டியும் சங்கும் கேட்டால்தான் ஊருக்குச் சேதி. "அவனுக்குச் சங்கு ஊதியாச்சு" என்று இன்று கேலியாகச் சொல்கிறோம், பரீட்சையில் தோற்றவனுக்கும் வேலை போனவனுக்கும் சொல்கிறோம். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு அந்தச் சங்கை எப்போது ஊதுவது என்று வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தேதி தெரியாததால் திதி கிடையாது. திதி கொடுத்தால் செத்தது உறுதியாகிவிடும் என்று பயந்து கொடுக்காமல் இருந்த குடும்பங்களும் உண்டு. என் பாட்டியின் அக்காள் தன் தாலியைக் கழற்றவே இல்லை. புருசன் சயாமுக்குப் போய் நாற்பது வருசம் ஆன பிறகும், அவர் பெயருக்கு முன்னால் யாராவது 'செத்துப்போன' என்று சேர்த்தால் எழுந்து போய்விடுவார்.

அந்தத் தலைமுறை தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தது. அதில் ஆயிரம், லட்சம் கிடையாது. லயம் லயமாக, வீடு வீடாக எண்ணுவார்கள். பாட்டி விரலை மடக்கித்தான் சொல்லுவார். "நம்ம லயத்துல பதினோரு பேரு போனாங்க. முனை வீட்டுல அப்பனும் மவனும். அடுத்த வீட்டுல ஒண்டிக்கட்ட. அதுக்கடுத்து ரெண்டு அண்ணந்தம்பி." பதினொன்று வரும்வரை விடமாட்டார். நடுவில் யாராவது பேசினால் மறுபடி முனை வீட்டிலிருந்து ஆரம்பிப்பார். திரும்பி வந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் வந்த ஒரு மாதத்தில் போய்விட்டார். அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் பாட்டிக்கும் அவர் அக்காளுக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை.